தகப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று: நம்பிக்கை பற்றிய சில புத்தகங்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் கூட்டாளி ஒருவன் என்னை மறித்தான். மகன் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறானாம். கோயிலுக்கு வருவதை விட்டு ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ சபை ஒன்றுக்குப் போய் வருகிறான். "பொடியன் வேதப் பக்கம் சாயிறான் மச்சான். நீ புத்தகம் வாசிக்கிறனி, அவனுக்குக் குடுக்க ஒண்டு சொல்லு" என்றான்.

உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருந்த சில புத்தகங்களை மேசையில் எடுத்து வைத்து, மூன்று கிழமையாகத் திரும்ப வாசித்தேன். எல்லாமே தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் கடவுள் வந்து நிற்கும் கதைகள். ஒவ்வொன்றிலும் நான் தேடியது ஒன்றைத்தான்: இதில் மகனைப் பேச விடுகிறார்களா?

முதலில் எங்கள் வீட்டுப் புத்தகம், பெரியபுராணம். அப்பா ஊர்க் கோயிலில் புராணப் படிப்புக்குப் பயன் சொல்பவர். ஒருவர் பாட்டை இழுத்து வாசிக்க, அப்பா பொருளை விரித்துச் சொல்லுவார். சிறுத்தொண்டர் கதை வரும் நாளில் மடம் நிறைந்துவிடும். பைரவ வேடத்தில் வந்த அடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் மனமுவந்து அரிய வேண்டும் என்கிறார். சீராளனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் இருந்து தூக்கி வருகிறார்கள். சேக்கிழார் அந்த இடத்தில் அவனுடைய கிண்கிணிக் கால்களைக் காட்டுகிறார். அந்தக் கால்களை மடியில் இடுக்கி, கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெற்றவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறது.

அப்பா அந்தச் சிரிப்புக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். தொண்டையைச் செருமி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போவார். கடைசியில் அடியார் மகனைக் கூப்பிடச் சொல்ல, தாயும் தகப்பனும் வெளியே வந்து கூப்பிட, சீராளன் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறவனைப் போல வருகிறான். அந்த வரியில் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு சிரிப்பைத் தவிரக் கதையில் பேச்சே இல்லை.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது பைபிளின் ஆதியாகமம் 22ஆம் அதிகாரம். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா தேசத்து மலைக்குக் கூட்டிப் போகிறார். ஈசாக்கு பேசுகிறான். நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு கதையின் பாரம் மகன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. டென்மார்க்கின் கீர்க்ககார்ட் 1843இல் 'அச்சமும் நடுக்கமும்' எழுதியபோது இந்த மலைப் பயணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்து பார்த்தார். அதில் ஒன்றில் ஆபிரகாம், இது கடவுளின் கட்டளை அல்ல, தன்னுடைய ஆசைதான் என்று மகனிடம் பொய் சொல்கிறார். மகன் தன்னை வெறுத்தாலும் கடவுளை வெறுக்கக் கூடாது என்பதற்காக. நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கடத்த நினைக்கும் எந்தத் தகப்பனும் அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. மற்றப்படி அது கடினமான தத்துவ நூல், 19 வயதுப் பொடியனுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு கதைகளும் எங்களுக்குத் தூரத்துக் கதைகள் அல்ல. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தார். அது 1850இல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அவருடைய பெரியபுராண வசனம் அச்சேறியது. ஈசாக்கையும் சீராளனையும் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்ததில் ஒரே ஆளின் உழைப்பு இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பது எங்களுக்கு வழக்கமில்லாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, மேற்கில் மகனே எழுதிய புத்தகத்துக்கு வருவோம். எட்மண்ட் கோஸ் எழுதிய 'தகப்பனும் மகனும்' 1907இல் முதலில் எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. தகப்பன் பிலிப் ஹென்றி கோஸ் கடல் உயிர்களை ஆராய்ந்தவர், பிளிமத் சகோதரர் சபையில் இறுகிப் பிடித்த விசுவாசி. பாறைகளுக்குள் இருக்கும் உயிரினச் சுவடுகளையும் உள்ளே வைத்தேதான் கடவுள் பூமியைப் படைத்தார் என்று 1857இல் ஒரு புத்தகம் எழுதினார். அறிவியல் பக்கமும் அதை ஏற்கவில்லை, பக்தர் பக்கமும் ஏற்கவில்லை. அதே வருடம் அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தார். பிறகு அந்த வீட்டில் தகப்பனும் சின்ன மகனும் கடவுளும்தான்.

விக்கிரக வழிபாடு செய்தால் கடவுள் கோபப்படுவார் என்று தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். மகன் அதைச் சோதித்துப் பார்த்தான். வீட்டில் தனியாக இருந்தபோது சின்னக் கதிரை ஒன்றை மேசை மேல் ஏற்றி, முழங்காலில் நின்று, "ஓ கதிரையே" என்று அழைத்து அன்றாடச் செபத்தைச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. தெருவும் வீடுகளும் அப்படியே இருந்தன. இன்னொரு நாள் நத்தார். அந்தப் பண்டிகையே பாவம் என்பது தகப்பனின் கட்சி. வேலைக்காரப் பெண்கள் ஒளித்துச் செய்த புடிங்கில் ஒரு துண்டைப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு, மனம் உறுத்தி, விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றுவிட்டேன் என்று அழுதுகொண்டு தகப்பனிடம் ஓடினான். அவர் மிச்சப் புடிங்கைத் தட்டோடு தூக்கிப் போய்ச் சாம்பல் மேட்டில் கொட்டி, உள்ளே போகும்படி கிளறிப் புதைத்தார்.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் பழைய வீடு வந்தது. 17 வயதில் நான் திருநீறு பூசுவதை விட்டபோது அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. தினமும் காலையில் திருநீற்றுத் தட்டை என் மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பின்னேரம் அவரே எடுத்துப் போவார். அது ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. புடிங்கைப் புதைத்த அந்த வெள்ளைக்காரத் தகப்பனும் என் அப்பாவும் ஒரே பயத்தைத்தான் சுமந்தார்கள்: பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

கோஸின் புத்தகத்தில் குறை ஒன்று உண்டு. தகப்பன் 1888இல் இறந்தபின் எழுதியது. மகன் நியாயமாகத்தான் எழுதுகிறார், அன்பையும் மறைக்கவில்லை. என்றாலும் பதில் சொல்லத் தகப்பன் இல்லை. சீராளனுக்கு வாய் இல்லை, இங்கே தகப்பனுக்கு வாய் இல்லை.

கிழக்கையும் மேற்கையும் ஒன்றாகப் பேசும் புத்தகம் என்றால் பலரும் ரொபர்ட் பேர்சிக் மகனோடு போன மோட்டார் சைக்கிள் பயணம் பற்றி 1974இல் வெளியிட்ட நூலைச் சொல்லுவார்கள். காசியில் படித்தவர், கிரேக்கத் தத்துவத்தையும் ஜென் பௌத்தத்தையும் ஒன்றாகப் போட்டு யோசிக்கிறார். பின்னால் 11 வயது மகன் கிறிஸ். என் கணிப்பு: தகப்பன் அளவுக்கு மீறிப் பேசுகிறார், பெரும்பாலும் தனக்குத்தானே. புத்தகம் முடியும் இடத்தில் கிறிஸ் மிதியில் எழுந்து நின்று, முன்பு உங்கள் தோளுக்கு மேலால் எனக்குப் பார்க்க முடியவில்லை என்கிறான். அந்த ஒரு இடத்துக்காக முழுவதையும் வாசிக்கலாம். பொறுமை வேண்டும்.

எங்கள் ஊரிலேயே எழுதப்படாத ஒரு புத்தகம் இருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவராக வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்து, பிறகு சைவத்துக்குத் திரும்பியவர். கலித்தொகையை அச்சேற்றிய பெரியவர். அவருடைய மகன் அழகசுந்தரம் எதிர்த் திசையில் போய்க் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். அந்தக் கிங்ஸ்பரிதான் 1921இல் பிலிப்ஸ் என்பவருடன் சேர்ந்து தேவாரம், திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தகப்பனின் சமயத்தை விட்டுப் போன மகன், தகப்பனின் பாட்டை விட்டுப் போகவில்லை. இந்த வீட்டை யாராவது நாவலாக எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

கடைசியாகக் கடோபநிடதம். சின்ன நூல், ஒரு இரவில் முடியும். நசிகேதனின் தகப்பன் வேள்வியில் எல்லாவற்றையும் தானம் கொடுக்கிறார். கொடுக்கிற பசுக்களோ கடைசித் தண்ணீர் குடித்து, கடைசிப் புல் தின்று, பால் வற்றிப்போன கிழடுகள். மகன் அதைப் பார்க்கிறான். என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறான். மூன்று தரம் கேட்டதும் தகப்பன், உன்னை எமனுக்குக் கொடுத்தேன் என்று வெடிக்கிறார். மகன் போகிறான். எமன் வீட்டில் இல்லை. சாப்பாடில்லாமல் மூன்று இரவு காத்திருந்ததற்கு மூன்று வரம். மரணத்துக்குப் பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்பது மூன்றாவது வரமாகக் கேட்ட கேள்வி, மீதி உபநிடதம் முழுக்க அதற்கான பதில்தான். நான் நிற்பது முதல் வரத்தில். என் தகப்பனின் கோபம் ஆற வேண்டும், நான் திரும்பிப் போகும்போது அவர் என்னை அடையாளம் கண்டு பேச வேண்டும் என்கிறான்.

மேசையில் இருந்த எல்லாவற்றிலும் மகன் தகப்பனின் பிழையை முகத்துக்கு நேரே சுட்டி, பிறகு அவருக்காகவே முதலில் வரம் கேட்கும் நூல் இது ஒன்றுதான். தகப்பனும் பேசுகிறார், மகனும் பேசுகிறான். சண்டை நடக்கும் வீட்டுக்கு நான் பெரியபுராணத்தின் அந்தப் பகுதியை இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன். பிள்ளையின் கையில் அது கட்டளையாகத்தான் போய்ச் சேரும்.

நேற்று கூட்டாளி வீட்டுக்குப் போனேன். தமிழ் உரையோடு கூடிய கடோபநிடதத்தை மகனுக்கென்று கொடுத்தேன். பிறகு கோஸின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். கந்தோரில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன், வாசிப்பான்.

"இது ஆருக்கு?"

"உனக்கு."

புடிங்கு வரும் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு வைத்திருந்தேன். அவன் அந்தப் பக்கத்தை விரித்து, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினான். உள்ளே பொடியன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.