29,249 ரூபாய், பத்தே முக்கால் வருடம்: எங்கள் வீட்டுக் கடன் கணக்கு

2014 செப்டம்பரில் 30 லட்ச ரூபாய் கடன் வாங்கி, தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினோம். 20 வருடக் கடன். 2025 ஜூனில் அடைத்துவிட்டோம். இத்தனை வருடம் மாதா மாதம் நோட்டில் எழுதி வைத்தவள் என்ற முறையில் இதைப் பகிர்கிறேன். வீடு எப்படியிருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, மழைக்கு ஒரு பக்கச் சுவர் மட்டும் ஓதம் காக்கும். நான் பேசப்போவது கடனைப் பற்றி.

வீட்டின் விலை 42 லட்சம். பத்திரப் பதிவு, வக்கீல், வங்கிக் கட்டணம், எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) என்று இன்னொரு இரண்டரை லட்சம். இந்த இரண்டரைக்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போடவேண்டும் என்பது எங்களுக்குக் கடைசி நேரத்தில்தான் உறைத்தது. வீட்டுக்காரரின் பிஎஃப், என் வளையல்கள் என்று எல்லாம் சேர்த்துப் பதினாலரை லட்சம் எங்கள் பணம்.

அதற்கு முன்னால் முடிச்சூரில் ஒரு வீடு பார்த்திருந்தோம். ஐந்து லட்சம் குறைவு. ஸ்டேஷனுக்கும் பக்கம். மாமனார் வந்து தெருவைப் பார்த்தவர், "ஏம்மா, பக்கத்து வீட்டுக்காரன் வாசப்படியை ஏன் இவ்வளவு ஒசத்திக் கட்டியிருக்கான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே விட்டோம். 2015 டிசம்பரில் அந்தப் பக்கமெல்லாம் படகு விட்டார்கள்.

வட்டி 10.15 சதவீதம். மாதத் தவணை 29,249 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்கு 25,375 போனது, அசலுக்கு 3,874. ஒரு வருடம் ஆனதும் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தேன். மூன்றரை லட்சம் கட்டியிருக்கிறோம். அசலில் குறைந்தது 48,700. வங்கி தவறாகப் போட்டுவிட்டதோ என்று ராத்திரி உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். தவறே இல்லை. எல்லா வீட்டுக் கடனும் முதல் வருடங்களில் இப்படித்தான். இருபது வருடமும் இதே தவணையைக் கட்டினால் மொத்தம் 70 லட்சம்.

"வரியில் கிடைக்கும் மேடம்" என்றார்கள். கிடைத்தது, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் வட்டிக் கழிவு. எங்கள் முதல் வருட வட்டியோ 3 லட்சம். கழிவு என்பது வரி குறைவதல்ல, வரிக்கு உட்படும் வருமானம் குறைவது. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 2 லட்சக் கழிவால் மிஞ்சுவது 40 ஆயிரம் சொச்சம். இப்போது புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் கிடையாது. வரிக்காக வீட்டுக் கடன் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டையும் நீட்டினார்கள், ஒரே தடவை பிரீமியம், அதையும் கடனிலேயே ஏற்றிவிடலாம் என்று. அதற்கும் இருபது வருடம் வட்டி கட்டவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கட்டாயமா என்று எழுத்தில் கேட்டோம். பேச்சு அதோடு நின்றது. வீட்டுக்காரர் பெயரில் தனியாக டெர்ம் பாலிசி எடுத்துக்கொண்டோம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் எங்கள் மூன்றாவது மாடியில் புதிதாக வந்தவர்கள் அதே வங்கியில், அதே கிளையில் கடன் வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு 8.60. எங்களுக்கு 9.45. எங்கள் கடன் பழைய 'பேஸ் ரேட்' முறையில், அதாவது வங்கியின் பழைய அடிப்படை வட்டியில், மாட்டியிருந்தது. 2016 ஏப்ரல் முதல் புதுக் கடன்களெல்லாம் எம்சிஎல்ஆர் முறைக்கு, அதாவது வங்கி பணம் திரட்ட ஆகும் செலவை வைத்து வட்டி போடும் முறைக்கு, போய்விட்டன. யாரும் எங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. போய்க் கேட்டால், "மாத்திக்கலாமே மேடம், அப்ளிகேஷன் கொடுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார் அதிகாரி. பத்தாயிரம் சொச்சம் கட்டணம். அப்போது பாக்கி 28 லட்சத்து நாற்பதாயிரம்; 0.85 சதவீத வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 24 ஆயிரம். அஞ்சு மாதத்தில் கட்டணம் திரும்பிவிட்டது. கேட்காமல் இருந்த ஒரு வருடத்துக்குத்தான் யாரைக் கேட்பது?

மறுபடியும் 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, புது மிதவை வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கச் சொன்னது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. இந்தத் தடவை செய்தித்தாளில் பார்த்தும் ஒரு வருடம் சோம்பிக் கிடந்தோம். நடுவில் கொரோனா. வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தார்கள், மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். இனாம் இல்லை அது. 42 ஆயிரம் ரூபாய் வட்டி அசலில் ஏறியது. மூன்று தவணையைத் தள்ளிப்போட்டதற்குக் கடன் ஆறு மாதம் நீண்டது. ஆனாலும் அந்த நேரத்தில் அரிசிக்கு அது உதவியது, குறை சொல்லமாட்டேன்.

2020 கடைசியில் ரெப்போவுக்கு மாறினோம். 4 சதவீத ரெப்போ, அதன்மேல் வங்கியின் 2.95, ஆக 6.95. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 2022 மே முதல் ரெப்போ ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.50இல் நின்றது. எங்கள் வட்டி 9.45. தவணை அதேதான், முடியும் தேதி மட்டும் ஆறேழு மாதம் சத்தமில்லாமல் தள்ளிப்போயிருந்தது.

எங்களுக்கு அவ்வளவோடு போயிற்று, ஏனென்றால் பாக்கி குறைவு. கீழ்வீட்டுத் தம்பி 2021 தொடக்கத்தில், வட்டி மலிவாக இருந்தபோது, 40 லட்சம் வாங்கியவன். தவணை 30,892. வட்டி 9.45 ஆனபோது அதே தவணையை வைத்துக் கணக்குப் போட்டால் அவன் கடன் முடிய 35 வருடத்துக்கு மேல் ஆகும். அவன் நம்பவில்லை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே போட்டுக் காட்டினேன். "அக்கா, அப்போ எனக்கு எழுபது வயசாயிடுமே" என்றான். தவணையை உயர்த்திக் கட்டச் சொன்னேன். 2023 ஆகஸ்டில்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்கவேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது. குறைந்த வட்டியில் கடன் வாங்குவது அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் அந்தத் தம்பியை நினைத்துக்கொள்ளலாம்.

எங்களைக் காப்பாற்றியது முன்கூட்டிக் கட்டியதுதான். மிதவை வட்டியில் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய தனிநபருக்கு 2012 முதலே அதற்கு அபராதம் கிடையாது. 2018இல் சீட்டு எடுத்து 2 லட்சம் கட்டினோம்: 19 தவணை குறைந்தது. 2024இல் அதே 2 லட்சம் கட்டியபோது குறைந்தது 9 தவணைதான். முதலிலேயே கட்டவேண்டும் என்று எல்லாரும் சொல்வதன் அர்த்தம் எனக்கு இந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கட்டும்போது "தவணை வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக்கொடுங்கள். ஒருமுறை எழுத மறந்து, தவணையைக் குறைத்துவிட்டார்கள். சரிசெய்ய இரண்டு தடவை அலைந்தேன்.

ஆக, 126 தவணை, நடுவில் நான்கு தடவையாக ஏழரை லட்சம், கடைசியில் ஒரு வைப்புத் தொகையை உடைத்து 6 லட்சம். கடனுக்குக் கட்டியது 50 லட்சத்துச் சொச்சம். எங்கள் பதினாலரையையும் சேர்த்தால் 65. பராமரிப்பு, சொத்து வரி, பெயிண்ட், லிஃப்ட் மாற்றிய பங்கு எல்லாம் நாலரை லட்சம். எங்கள் கட்டடத்திலேயே இதே அளவு வீடு இந்த வருடம் 72 லட்சத்துக்குப் போனது. லாபம் இரண்டரை லட்சம்! இதைத்தான் ஊரில் "வீடு வாங்கிப் போட்டா பணம் கொட்டும்" என்கிறார்கள். கொடுக்காமல் விட்ட வாடகை 18 லட்சம் என்று என் கணக்கு. அதைச் சேர்த்தால் மனசு ஆறுகிறது. அந்தப் பதினாலரையை வங்கியில் போட்டிருந்தால் அதுவும் இந்நேரம் இரட்டிப்பாகியிருக்கும் என்பதையும் நோட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் மாதம் 29 ஆயிரத்தை வேறு எதிலும் நாங்கள் பத்து வருடம் விடாமல் போட்டிருக்கமாட்டோம், அது நிச்சயம்.

மாமனாருக்கு இந்தக் கணக்கே பிடிக்காது. பழைய கொத்தனார் மேஸ்திரி. "சுவர் தேயும்மா, மண்ணுதான் வளரும்" என்பார். வாங்கும்போது நாங்கள் 960 சதுர அடி என்று பெருமையாகச் சொன்னோம். உள்ளே டேப் வைத்து அளந்தவர் 740தான் வருகிறது என்றார். பத்திரத்தில் பிரியாத பாகம், அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் எங்கள் பங்கு, 480 சதுர அடி. உண்மையில் நாங்கள் வாங்கியது அதைத்தான்.

கடன் முடிந்ததும் வேலை முடியவில்லை. மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் தரவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. எங்களுக்கு 22ஆம் நாள் கிடைத்தது. கவுன்டரிலேயே பக்கம் பக்கமாக எண்ணி, தாய்ப் பத்திர நகல் உட்பட பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர் முனகினார். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதியவேண்டும். அதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பலர் இதை விட்டுவிட்டு, விற்கும்போது ஓடுகிறார்கள்.

பத்து நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். ரசீது ஏறியிருந்தது. அச்செடுத்துக்கொண்டு போய் மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "பிரியாத பாகம் 480ன்னு சரியாப் போட்டிருக்கானா பாரு" என்றார்.