வாய்விட்டு வாசிக்கும் குழந்தைக்கு ஒரு துணை: ‘ரீட் அலாங்’ செயலி

தொடக்கப் பள்ளியில் தொழில்நுட்பம் என்றதும் பெரிய திரையும் அசையும் படங்களுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டியே படிக்கும் குழந்தைக்கு அவற்றால் கிடைக்கும் பயன் குறைவு என்பது என் கருத்து. அந்தக் குழந்தை வாய்விட்டு வாசிக்கும்போது யாராவது அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். தடுமாறும் இடத்தில் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. ஐந்து வகுப்புகளை இருவரே கவனிக்கும் ஈராசிரியர் பள்ளிகளில் நிலைமை இன்னும் கடினம். கூகுள் நிறுவனத்தின் ‘ரீட் அலாங்’ செயலி இந்த ஒரு தேவைக்காகவே உருவாக்கப்பட்டிருப்பதால்தான் அதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன்.

இந்தச் செயலி 2019 மார்ச்சில் ‘போலோ’ என்ற பெயரில் முதலில் இந்தியாவில், இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் வெளிவந்தது. பின்னர் தமிழ் உள்ளிட்ட வேறு சில இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. 2020 மே மாதத்தில், பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில், ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாற்றப்பட்டு ஒன்பது மொழிகளில் உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. உத்தரப் பிரதேசத்தின் சுமார் 200 கிராமங்களில் நடந்த முன்னோட்டத்தில் மூன்றே மாதத்தில் 64 விழுக்காட்டுக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது என்று கூகுள் அறிவித்தது. இது செயலியை உருவாக்கிய நிறுவனமே வெளியிட்ட கணக்கு. எந்த அளவுக்கு உயர்ந்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. ஆகவே ஆசிரியர்கள் அதை நம்பிக்கையூட்டும் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, தம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைத் தாமே கவனித்துக் குறித்து வருவது நல்லது.

பயன்படுத்தும் முறை எளிது. குழந்தை ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து உரக்க வாசிக்கிறது. திரையின் ஓரத்தில் இருக்கும் ‘தியா’ என்ற பாத்திரம் அதைக் கேட்டுக்கொண்டே வருகிறது. சரியாக வாசித்தால் பாராட்டு, நட்சத்திரங்கள், தடுமாறினால் உதவி. தெரியாத சொல்லை விரலால் தொட்டால் தியா அதைச் சொல்லிக்காட்டும். இந்தக் கடைசி வசதியைத்தான் தமிழ் வாசிப்புக்கு மிகவும் மதிப்புள்ளதாகக் கருதுகிறேன். நம் எழுத்துமுறையில் ககரம் ஒன்றே. ஆனால் அது ‘கடல்’ என்பதில் வல்லோசையாகவும், ‘தங்கம்’ என்பதில் மெல்லினத்தை அடுத்து நலிந்தும், ‘பகல்’ என்பதில் இன்னும் இளகியும் ஒலிக்கிறது. எழுத்துகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்த குழந்தை ‘ப, க, ல்’ என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல்லும்போது தயங்கி நிற்கும். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் ஒலிக்குப் பின்னால் வரவேண்டிய உயிரின் குறியீடு எழுத்துக்கு முன்னாலும் நிற்பதால், இடமிருந்து வலமாக எழுத்துக்கூட்டிச் செல்லும் பிள்ளைக்கு அங்கும் ஒரு தடை. இத்தகைய இடங்களில் முழுச் சொல்லையும் உடனே காதால் கேட்பது, விதியை விளக்குவதைவிட விரைவாக உதவுகிறது. அதுவும், வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க ஆசிரியரிடம் கேட்கக் கூசும் பிள்ளை, ஒரே சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் தொட்டுக் கேட்கலாம் என்பது சிறிய நன்மை அல்ல.

செயலி இலவசம், விளம்பரம் இல்லை. கதைகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். குழந்தையின் குரல் அந்தக் கருவியிலேயே ஆராயப்படுகிறது, நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பப்படுவதில்லை என்று கூகுள் தெரிவித்திருக்கிறது. பெற்றோரிடம் அனுமதி கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இனி, இந்தச் செயலியிடம் ஒப்படைக்கக் கூடாதவை. முதலாவது பொருள் புரிதல். சொற்களைச் சரியாக ஒலித்து, நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டு, கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அச்சிட்ட சொல்லையும் ஒலித்த சொல்லையும் ஒப்பிடுவதே செயலியின் பணி என்பதால், ‘அந்த யானை ஏன் அழுதது?’ என்று கேட்கும் கடமை ஆசிரியருடையதாகவே இருக்கிறது. வாசித்து முடித்த பிள்ளை கதையைத் தன் சொந்தப் பேச்சில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வழக்கத்தை வகுப்பில் ஏற்படுத்திவிட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

இரண்டாவது பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் தொடர்பானது. ‘போகிறான்’ என்று அச்சிட்டிருப்பதைப் ‘போறான்’ என்று வாசிக்கும் குழந்தை தவறு செய்யவில்லை. வீட்டில் பேசும் மொழியின் வழியாக அது பொருளை எட்டிவிட்டது. அதே வரியில் இன்னொரு குழந்தை ‘போடுகிறான்’ என்று வாசித்தால், அது முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகித்திருக்கலாம். இரண்டும் அச்சிலிருந்து விலகியவைதாம், ஆனால் முதல் பிள்ளைக்குத் தட்டிக்கொடுத்தால் போதும், இரண்டாம் பிள்ளைக்குத் திரும்பவும் பயிற்சி வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்வது பிள்ளையின் வீட்டையும் ஊரையும் அறிந்த ஆசிரியரால் மட்டுமே முடியும். ல, ள, ழ வேறுபாடும் இப்படியே. குழந்தைகளின் குரலைக் கணினி இனங்காண்பது பொதுவாகவே கடினமான வேலை. அவர்களின் குரல் பெரியவர்களின் குரலைவிட உயர்ந்து ஒலிக்கிறது, உச்சரிப்பும் இன்னும் நிலைபெறவில்லை. ஆகவே ஒரு சொல்லைச் செயலி ஏற்றுக்கொண்டது என்பதை வைத்துப் பிள்ளையின் ழகரம் திருந்திவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வகுப்பறை ஏற்பாட்டைப் பொறுத்தவரை, இரைச்சலே பெரிய இடையூறு. பல வகுப்புகள் ஒரே அறையில் அமரும் பள்ளியில் ஒலிவாங்கி எல்லாக் குரல்களையும் சேர்த்தே கேட்கும் என்பதால், தாழ்வாரத்தின் ஒரு மூலையில் இருவர் இருவராக அமர்த்துவது நல்லது. ஒருவர் வாசிக்க, மற்றவர் வரியோடு விரலை நகர்த்திக்கொண்டு வரலாம். நட்சத்திரங்களின் மேல் ஆசை வந்த பிள்ளை எளிய கதையையே திரும்பத் திரும்ப எடுக்கக்கூடும் என்பதால், கதையைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியரின் கண் இருக்க வேண்டும். இதில் உள்ள கதைகளில் பல பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலிருந்து வந்தவை. அந்தத் தளம் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்துத் திறந்த உரிமத்தில் வழங்குகிறது என்பதால், குழந்தைகளுக்குப் பிடித்த கதைகளை அங்கிருந்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டவும் செய்யலாம்.

தமிழ்நாட்டில் இந்தச் செயலி புதிதல்ல. 2022 ஜூனில் பள்ளிக் கல்வித்துறை இதைக் கொண்டு தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு மாரத்தான் நடத்தியது. அதே மாதம் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் பிள்ளைகள் அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரிக்கப்படுகிறார்கள். அந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால், செயலியால் அதிகப் பயன் பெறுவோர் மொட்டு நிலையில் உள்ளவர்கள் என்பது என் மதிப்பீடு. உயிர்மெய் எழுத்துகளே இன்னும் பிடிபடாத அரும்புப் பிள்ளையிடம் கதையைக் கொடுத்தால் அது தியா சொல்வதைத் திரும்பச் சொல்லப் பழகுமே தவிர, வாசிக்கப் பழகாது. அதற்கு ஆசிரியரின் கையும் எழுத்தட்டையும் மணலும்தான் தேவை. சரளமாக வாசிக்கும் மலர் நிலைப் பிள்ளையிடம் பள்ளி நூலகப் புத்தகத்தைக் கொடுத்து மௌன வாசிப்புக்கு விட்டுவிடலாம். அந்த நேரத்தில் கைக்கணினி, ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றுகொண்டிருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் போகட்டும்.