அலுவலகம் சென்றுவர ஓர் ஏழு கியர் சைக்கிள்

அடையாறிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் சென்றுவருவதற்காக எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய ஏழு கியர் சைக்கிளைப் பற்றி, முதல் வாரத்துப் பரவசம் முழுவதும் தணிந்த பிறகே எழுதுகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சர்தார் படேல் சாலையின் காலை நெரிசலில் ஸ்கூட்டருக்கு ஆன நேரத்தைவிட ஐந்து நிமிடமே கூடுதலாகிறது, மாதந்தோறும் ஊற்றிய 5 லிட்டர் பெட்ரோலும் மிச்சமாகிறது. மேடுபள்ளமில்லாத சென்னையில் கியர் எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பும்போது கடற்காற்று எதிர்த்து வீசுமே, அப்போது இரண்டாம் கியருக்கு இறங்கினால் முழங்கால் வலிக்காமல் மிதிக்க முடிகிறது. இரண்டு மாடி ஏறினாலே வாங்கிய மூச்சு இப்போது வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு. செயினுக்கு முழு மூடி இல்லாததால், வலது கால்சட்டையின் விளிம்பில் படிந்த கிரீஸ் கறை எந்தச் சோப்புக்கும் அசைந்து கொடுக்கவில்லை. மட்கார்டும் ஸ்டாண்டும் விலையில் அடக்கம் என்று சொன்ன கடைக்காரர், ரசீது போடும்போது அவற்றுக்குத் தனியாகக் காசு கேட்டார். சீட் கல்லைப்போல் இருந்தது, மாற்றிவிட்டேன். வியர்வைக்கு மட்டும் மாற்றுச் சட்டையைத் தவிர வேறு வழியில்லை. 10 கிலோமீட்டருக்குள் வேலையிடம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.