மூக்கு ஸ்ப்ரேயா, ஊசியா: வீட்டில் வைக்க எந்த நாலாக்சோன்?

எங்கள் அக்கா முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல வருடங்களாக மார்ஃபின் வகை வலி மாத்திரையில் இருக்கிறார். மாத்திரையின் அளவைக் கூட்டியபோது மருத்துவர், வீட்டில் நாலாக்சோன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மார்ஃபின் வகை மருந்தின் அளவு மீறி (ஓவர்டோஸ்) மூச்சு தாழும்போது அதை முறிக்கும் மருந்து அது. தேடிப் பார்த்தால் ஆம்பூலும் (ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும், 4 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரே, 8 மில்லிகிராம் ஸ்ப்ரே, நால்மெஃபீன் என்ற இன்னொரு மருந்து என்று வரிசையாக வந்தன. படித்தும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், கடைசியில் 4 மில்லிகிராம் ஸ்ப்ரேயை எடுத்தோம். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். என் சாய்வு ஸ்ப்ரே பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாக்சோன் ஊசி, ஸ்ப்ரே இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான். ஹெராயின், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் என்று ஓபியாய்டு வகையில் எதுவானாலும் மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அளவு மீறும்போது மூச்சு விடச் சொல்லும் கட்டளையே மங்கிப்போகிறது. நாலாக்சோன் அந்த இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். ஊசி மருந்தாக இது 1971 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. 4 மில்லிகிராம் ஸ்ப்ரேக்கு, அதாவது நார்கேனுக்கு, 2015இல்தான் அனுமதி கிடைத்தது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2023 மார்ச்சில் அங்கே அறிவித்தார்கள். ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை என்பது இரண்டுக்கும் பொதுவான நல்ல குணம். அதனால் 'இது ஓவர்டோஸ்தானா' என்று யோசித்துத் தாமதிப்பதைவிடக் கொடுத்துவிடுவது மேல்.

வேகம், வீரியம் என்று பார்த்தால் ஊசிக்கு ஒரு படி முன்னிலை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தசையில் போட்ட மருந்து முழுதாக உடலில் சேரும். மூக்கில் அடித்ததில், ஊசியோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட பாதிதான் இரத்தத்துக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் கண்காணிப்பு ஊசி மையத்தில் (போதை ஊசி போட்டுக்கொள்பவர்களை மருத்துவப் பணியாளர்கள் கவனித்துக்கொள்ளும் இடம்) இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 0.8 மில்லிகிராம் மருந்தை மூக்கிலும் தசையிலும் கொடுத்துப் பார்த்தபோது, மூக்கில் பெற்றவர்களில் அதிகம் பேருக்கு இரண்டாவது டோஸ் தேவைப்பட்டது. ஸ்ப்ரே வேண்டாம் என்பவர்கள் இந்த ஆய்வைக் காட்டுவது நியாயம்தான். ஆனால் அங்கே இரண்டு வழியிலும் போனது ஒரே அளவு மருந்து. இன்று பெட்டியில் வரும் ஸ்ப்ரேயில் 4 மில்லிகிராம் இருக்கிறது. வழக்கமான ஊசி டோஸ் 0.4 மில்லிகிராம். பாதி வீணானாலும் ஊசி தருவதைவிடக் கூடுதலாகவே உள்ளே போகிறது. வழியில் நேரும் இழப்பை அளவு ஈடுகட்டிவிடுகிறது என்பதால் வீரியம் எங்கள் முடிவைப் புரட்டிப்போடவில்லை.

முடிவு செய்தது வேறு ஒன்று. யார் கையில் அந்த மருந்து இருக்கும் என்ற கேள்வி அது.

இந்த மருந்தை வாங்கி வைப்பவர் வேறு, தேவைப்படுபவர் வேறு, கொடுக்கப்போகிறவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள். மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. நான் ஊசி போடப் பழகிக்கொள்வேன், அதில் தயக்கமில்லை. ஆனால் நான் அக்கா வீட்டில் இருப்பதில்லை. அங்கே பகலில் இருப்பது எழுபதைத் தாண்டிய அம்மா. மாலையில் பள்ளி விட்டு வரும் அக்கா மகன். இரவில் அத்தான். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து தெரியாது, விரல்களில் மூட்டுவலி. பையனுக்குப் பதினைந்து வயது, இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்பவன்.

இப்போது ஊசியின் வேலைகளை அவர்கள் கையில் வைத்துப் பாருங்கள். ஆம்பூலின் கழுத்தை விரல் வெட்டாமல் உடைக்க வேண்டும், ரப்பர் மூடி போட்ட குப்பியானால் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சின் உறையைக் கிழித்து, ஊசியை இறுக்கிப் பொருத்தி, மூடியைக் கழற்றி, 1 மில்லிலிட்டரை அளந்து உறிஞ்ச வேண்டும். பிறகு தொடையின் வெளிப்பக்கமோ தோளின் மேற்புறமோ பார்த்து, நேராகக் குத்தி, முழுவதும் அழுத்த வேண்டும். துணி மேலேயே குத்தலாம், அது ஒரு வசதி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் கடினமில்லை. செவிலியருக்கு அரை நிமிட வேலை. ஆனால் எதிரே கிடப்பது சொந்த மகள், உதடு நீலமாகி, தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால்? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியே தீர வேண்டிய காரியம் இது. எனவே எவ்வளவு பதறினாலும் சிதற முடியாத கருவியைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஸ்ப்ரேயின் வேலை இவ்வளவுதான்: உறையைக் கிழித்து வெளியே எடுக்க வேண்டும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். நுனியை ஒரு மூக்குத் துளைக்குள், பிடித்திருக்கும் விரல்கள் மூக்கின் அடியில் முட்டும்வரை நுழைத்து, கட்டைவிரலால் அடித்தண்டை முழுவதும் அழுத்த வேண்டும். அளக்கவோ பொருத்தவோ எதுவும் இல்லை. அவர் மூச்சை இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை, மூக்கின் உட்சவ்வே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சே விடாதவருக்கு மூக்கில் மருந்தா என்ற சந்தேகம் எங்கள் அம்மாவுக்கும் வந்தது. பலருக்கும் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிழைக்கு இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. வேலை செய்கிறதா என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கூடாது. ஒரு கருவியில் ஒரே ஒரு தெளிப்புதான், பார்ப்பதற்காக அழுத்தினால் மருந்து போய்விடும். சளிக்கான ஸ்ப்ரேயையும் ஆஸ்துமா இன்ஹேலரையும் முதலில் அடித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தானாகவே வந்துவிடும் பழக்கம். எங்கள் வீட்டில் பெட்டியின் மேலேயே "அடித்துப் பார்க்காதே" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

தானாகக் குத்தும் ஊசிப் பேனா இந்தக் கைக் கணக்கை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. எவ்சியோ என்று ஒன்று 2014இல் வந்தது. குரல் கொடுத்து ஒவ்வொரு படியையும் சொல்லித் தரும். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 2020இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பழைய வகை மூக்குக் கருவி ஒன்றும் உண்டு. மருந்து நிரப்பிய குழாயின் முனையில் தூவும் கூம்பை மாட்டி, இரண்டு துளையிலும் பாதிப் பாதியாக அடிக்க வேண்டும். பெயருக்கு மூக்கு வழி, ஆனால் பாகங்களைப் பொருத்தும் சிக்கல் ஊசியைப் போலவே. ஸ்ப்ரே என்று யாராவது கொடுத்தால் அது ஒரே துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல், பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஸ்ப்ரேயை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், 40 டிகிரி வரை கொஞ்ச நேரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பது இரண்டுக்கும் ஆகாது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே ஸ்ப்ரே உறைந்து போய்த் தெளிக்காது. 2024 முதல் தயாராகும் நார்கேனுக்கு ஆயுள் 4 வருடம், முன்பு 3 வருடம்தான். மருந்துகளோடு சேர்த்துப் பூட்டி வைப்பது மட்டும் வேண்டாம். வலி மாத்திரை பூட்டுக்குள் இருக்கட்டும், நாலாக்சோன் பூட்டுக்கு வெளியே, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

ஸ்ப்ரே என்று முடிவானதும் 4 மில்லிகிராமா, 8 மில்லிகிராமா என்ற அடுத்த கேள்வி வந்தது. ஃபென்டனில் மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியம், அதனால் மருந்தும் பலமாக இருக்க வேண்டும் என்ற வாதம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 8 மில்லிகிராம் ஸ்ப்ரே 2021இல் வந்ததும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் நியூயார்க் மாநிலக் காவல்துறையினர் களத்தில் கொடுத்த இரண்டு அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. பிழைத்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு இல்லை. வாந்தி உட்பட விலகல் அறிகுறிகள் (ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பில் அதன் வேலை சட்டென்று நிற்கும்போது வரும் உபாதைகள்) மட்டும் 8 மில்லிகிராம் பெற்றவர்களில் 37.6 சதவீதம், 4 மில்லிகிராம் பெற்றவர்களில் 19.4 சதவீதம். அரை மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து இருக்கிறது. தேவையென்றால் இரண்டாவது 4ஐக் கொடுக்கலாம், கொடுத்த 8ஐத் திரும்ப எடுக்க முடியாது.

நால்மெஃபீன் ஸ்ப்ரே 2023 மே மாதம் அனுமதி பெற்றது. நாலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். நால்மெஃபீன் பல மணி நேரம் நிற்கும். தினமும் ஓபியாய்டு எடுக்கும் ஒருவருக்கு அத்தனை மணி நேரமும் வலியும் வாந்தியும் நடுக்கமுமாகப் போகும் என்பதுதான் என் கவலை. அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் அதே ஆண்டு கூட்டாக, முதல் மருந்தாக நாலாக்சோனின் இடத்தில் இதை இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன. என் கையில் இதைப் பற்றிச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை, எனவே இதோடு விடுகிறேன்.

எதை வாங்கினாலும் மாறாதது ஒன்று உண்டு. அழுத்தியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும், மார்பெலும்பை மடக்கிய கைவிரல் முட்டிகளால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது அல்லது இல்லை, கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருக்கிறது என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு மருந்தைக் கொடுக்க வேண்டும். தோலில் ஃபென்டனில் பட்டை ஒட்டியிருந்தால் அதை உரித்துவிட வேண்டும். பிறகு 5 வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆளைக் கொல்வது மூச்சு நின்றுபோவதுதான், மருந்து வேலை செய்யும் வரை நம் மூச்சுதான் அவருக்கு. நாடித்துடிப்பே இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவி. 2, 3 நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் புதிய கருவியால் மறு துளையில் அடுத்த டோஸ். பெட்டியில் இரண்டு கருவிகள் வருவது இதற்காகத்தான். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கூடவே இருக்க வேண்டும்.

கூடவே இருப்பது ஏன் என்றால், அக்கா எடுப்பது போன்ற மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையும், மெதடோன் என்ற ஓபியாய்டும் நாலாக்சோனைவிட நீண்ட நேரம் உடலில் இருக்கும். மருந்து ஓய்ந்ததும் மூச்சு மறுபடி தாழலாம். எழுந்தவர் எனக்கு ஒன்றும் இல்லை, மருத்துவமனை வேண்டாம் என்று கோபப்படுவார். விட்டுவிடக் கூடாது. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்திருந்தால் அவற்றை நாலாக்சோன் தொடாது. மூச்சு திரும்பும், ஆனால் ஆள் தூங்கிக்கொண்டே இருப்பார். மூச்சு சீராக இருந்தால் எழுப்புவதற்காக மேலும் மேலும் அடிக்கத் தேவையில்லை.

ஊசியையே எடுங்கள் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. வீட்டில் எப்போதும் ஊசி போடத் தெரிந்தவர் இருக்கிறார் என்றால், நாளுக்குப் பல ஓவர்டோஸ்களைச் சமாளிக்கும் மையங்கள் என்றால், ஊசிதான் பொருத்தம். 0.4 மில்லிகிராமில் தொடங்கி, மூச்சு வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பது ஸ்ப்ரேயால் முடியாத நுட்பம். உடம்பு சட்டென்று விலகல் வேதனையில் விழாமல் காக்க அதுவே நல்ல வழி. மூக்கில் அடிபட்டு இரத்தம் வழிந்தாலும், சளி அடைத்து இரண்டு துளையும் மூடியிருந்தாலும் ஸ்ப்ரே எவ்வளவு உள்ளே போகும் என்று எனக்கு உறுதியில்லை. அங்கேயும் ஊசிக்கு வலு அதிகம். ஆனால் கையில் ஸ்ப்ரே மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை அடித்துவிட வேண்டும், ஊசிக்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. நிஜமான ஆபத்தில் ஸ்ப்ரேயை அழுத்தும் நிலை எங்களுக்கு இதுவரை வரவில்லை. நான் சொல்வதெல்லாம் பயிற்சிக் கருவியை வைத்து அம்மாவும் பையனும் செய்து பார்த்ததிலிருந்து. அம்மா முதல் முறையே சரியாகச் செய்தார், கழுத்தைச் சாய்ப்பதைத்தான் இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பையன் யாரும் சொல்லாமலே செய்தான். ஊசியைக் காட்டியபோது இருவரும் கையே நீட்டவில்லை. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலி நிவாரணத்துக்காக மார்ஃபினில் இருப்பவர்களின் கணக்கு மட்டும் வேறு. அங்கே நாலாக்சோன் வலியைத் திடீரென்று முழு வேகத்தோடு திருப்பிக் கொண்டுவந்துவிடும். அவர்களுக்கு எப்போது கொடுப்பது, கொடுக்கலாமா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.