முட்டமா, குலசேகரமா: குளிர்நாட்டிலிருந்து வரும் ஓவியருக்கு எந்த வீடு?

குளிர்நாட்டு ஓவியர்கள் வடக்குச் சன்னலைத் தேடுவார்கள். அங்கே அதில் நேர்வெயில் ஏறக்குறைய விழாது. முட்டமும் குலசேகரமும் இருக்கும் குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கில் உள்ளதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். இரண்டு ஊரிலும் வடக்குச் சன்னலுக்கு ஆழமான இறவாணமும் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) வெள்ளைத் திரையும் வேண்டும்.

முட்டத்தில் வெளிச்சம் அபாரம். பாறையும் கடலும் வாசலிலேயே. பகை உப்புக்காற்றுதான். இரும்பு ஆணியும் ஸ்டேப்பிள் பின்னும் துருப்பிடித்து கித்தானின் ஓரத்தை அரித்துவிடும். செம்பு ஆணி அடியுங்கள். காயாத எண்ணெய் வண்ணத்தில் படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். காற்று பலமாகும்போது கடல்பக்கச் சன்னலை மூடுங்கள்.

குலசேகரத்தில் உப்பு இல்லை, பூஞ்சை உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும். நீர்வண்ணத் தாளின் பசை பூஞ்சைக்குத் தீனி; சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். படத்தைச் சுவரில் ஒட்டி மாட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ரப்பர் தோட்டத்து நிழல் நிறங்களைப் பச்சையாக்கிக் காட்டும். இலையுதிர்ந்த ஜனவரியில் வீடு பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரச் சட்டம் உளுத்துப்போகும், ஆஞ்சிலி நல்லது.

எண்ணெய் வண்ணக்காரருக்குக் குலசேகரமே என் தேர்வு. அக்ரிலிக் என்றால் தயங்காமல் முட்டம். தட்டில் வண்ணம் சீக்கிரம் காயும், ஈரத்துணியும் தெளிப்பானும் பக்கத்திலேயே இருக்கட்டும்.