ஐப்பசி ஈரத்தில் ஆயத்த ஃபாண்டன்ட்

தோழியின் திருமண வரவேற்புக்கு மூன்றடுக்கு கேக் செய்து தருவதாகச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: உச்சியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளான தாத்தாவும் பாட்டியும் அமர்ந்திருக்க வேண்டும், அவர்களின் தலை உண்மையாகவே ஆட வேண்டும். அதற்காக நான் வாங்கிய ஒரு கிலோ ஆயத்த ஃபாண்டன்ட் (கேக்கின்மேல் விரித்துப் போர்த்தும் சர்க்கரை மாவு) பொதிகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. நேர்ந்த குறையில் கும்பகோணத்து ஐப்பசி மழைக்கும் பங்குண்டு என்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

பெண் வீட்டார் சைவம். ஆகவே முட்டையும் ஜெலட்டினும் கூடாது. இந்தப் பொதியில் பச்சைப் புள்ளி இருந்தது. 10, 8, 6 அங்குல வட்ட கேக்குகளை, ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம், 3 மில்லிமீட்டர் தடிமனில் மூடுவதற்கு முறையே ஏறத்தாழ ஒரு கிலோ, 700 கிராம், 500 கிராம் செலவாயிற்று. மூன்று பொதிகள் வாங்கியதில் பொம்மைகளுக்கும் மிஞ்சியது. மூடும் வேலையில் இதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பிசைந்து விரித்தால் துணிபோல் விழுகிறது. ஓரங்கள் கோடை வயலாக வெடிப்பதில்லை. அடியில் பட்டர் க்ரீம் பூசியிருந்தால் இவ்வூர் வெக்கையில் இளகி வழிந்திருக்கும் என்பதால், டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு க்ரீம் ஒரு பங்கு என்ற அளவில் கெட்டியான கனாஷ் பூசினேன். சுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெறும் சர்க்கரை, சிறிது வனிலா மணம். பெரியவர் ஒருவர் அதை உரித்து ஊறுகாய்போல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் பொம்மைகளில்தான் தொடங்கியது. தலையாட்டி பொம்மையில் தலை தனியாகச் செய்யப்பட்டு, உடலுக்குள் ஒரு கம்பியின்மீது தொங்கி நிற்கிறது. தலை கனத்தாலோ கழுத்தோடு ஒட்டினாலோ ஆட்டம் நின்றுவிடும். ஃபாண்டன்டோ சர்க்கரை, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போதாததற்கு அதை இளக்கமாக வைத்திருக்கவே கிளிசரின் சேர்க்கிறார்கள். இரண்டு இரவுகள் மின்விசிறியின் கீழ் காயவைத்தும், மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள் காலையில் தாத்தாவின் மோவாய் மார்பில் சரிந்து, தலை கழுத்தோடு ஒன்றாகிக் கிடந்தது. உறையில் ‘உருவங்கள் செய்யவும் ஏற்றது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் டெல்டாவில் இருப்பவர்கள் அந்த வரியை நம்ப வேண்டாம்.

மறுமுறை 250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. தூள் (மாவை இறுகவைக்கும் பசைத் தூள்) சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வைத்தேன். தலைக்குள் தெர்மகோல் உருண்டை வைத்து, மேலே மெல்லிய தோலாக மட்டும் போர்த்தினேன். கழுத்துத் துளையில் உறிஞ்சுகுழல் துண்டைச் செருகியதால் கம்பி சர்க்கரையில் உரசவில்லை. மின்விசிறி ஈரக் காற்றையே சுழற்றுகிறது என்பது புரிந்தபின், அறையிலுள்ள ஈரத்தை ஏ.சி. இழுத்துவிடும் என்று படுக்கையறையைப் பொம்மைகளுக்கு விட்டுக்கொடுத்தோம். பாட்டியின் சிவப்புச் சேலைக்குத் திரவ நிறம் சேர்த்தால் மாவு பிசுபிசுக்கும். ஜெல் நிறமே சரி. முடித்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும் என்பதால் அதையும் தவிர்த்தேன்.

தஞ்சாவூர் மண்டபம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கேக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஏற்றி, அங்கு போய்த்தான் அடுக்கினேன். பொம்மைகள் மட்டும் என் மடியில் வந்தன. அய்யம்பேட்டையைத் தாண்டும் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டியின் தலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஆடியது; தாத்தாவினுடையது சற்று இடப்பக்கமாகவே ஆடியது, தோழி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடுவதற்கு மட்டும் ஐந்துக்கு நான்கு தருகிறேன். உருவங்களுக்கு, உறையில் அந்த வரி இருக்கும் வரை, இரண்டுக்கு மேல் தர முடியாது. தை மாதத்தில் இன்னொரு கேக்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். போர்வைக்கு இதையே வாங்குவேன், பொம்மைக்குக் காய்ந்து இறுகும் சர்க்கரை மாவான கம் பேஸ்ட் தனியாக வாங்கிக்கொள்வேன்.