‘பெட் சேஃப்’னு சொல்லி வச்ச எலி மருந்து: 13,400 ரூபாய் போச்சு, நாய் இன்னும் தேறல

வீட்ல நாயோ பூனையோ வச்சுக்கிட்டு எலித் தொல்லைக்கு ஆள் கூப்பிடப் போறவங்க, தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டுக் கூப்பிடுங்க. கோவத்துல எழுதுறேன், முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. என்னென்ன கேட்கணும், என்னென்ன செய்யணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

திருநெல்வேலி பேட்டையில இருந்து சுத்தமல்லி போற பக்கம் எங்க வீடு. புறவாசலைத் திறந்தா வயல்தான். இந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம், பிசானம் அறுப்பு முடிஞ்சதும் வயல்ல கிடந்த எலி பூரா வீட்டுக்குள்ள குடிவந்துரும். இந்த வருஷமும் அப்படித்தான். அரிசி மூட்டையில ஓட்டை, வாஷிங் மெஷின் ஒயரைக் காணோம், ராத்திரி பட்டாசல்ல படுத்தா பரண்ல ஓட்டப்பந்தயம். எங்க அத்தை சொன்னாவ: “ஏளா, ரெண்டு பொறி வாங்கி, சுட்ட தேங்காச் சில்லு மாட்டி வையி. இதுக்குப் போயி எதுக்குத் துட்டைக் கொட்டுத?” கேட்டிருக்கணும். பொறியில அடைபட்ட எலியைத் தூக்கிட்டுப் போய் விட யாரு இருக்கான்னு நான்தான் பெருசாப் பேசினேன்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஆப் ஒண்ணு. ஏசி கழுவ, குழாய் மாத்த, பூச்சி மருந்தடிக்கன்னு எல்லாத்துக்கும் ஆள் வருமே, அந்த வகை. பேரைப் போட்டா எனக்கே நோட்டீஸ் விடுவான், அதனால போடல. அதுல ‘எலிக் கட்டுப்பாடு, மூணு விசிட், பெட் சேஃப்’னு இருந்துச்சு. வளர்க்கிற நாய் பூனைக்கு ஆபத்தில்லன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். பக்கத்துல படம்: கறுப்புப் பெட்டி ஒண்ணு, சாவி போட்டுப் பூட்டுறது, அதுக்குப் பக்கத்துலயே ஒரு கொழுகொழு நாய் நிம்மதியாத் தூங்குது. வேலைக்கு 2,900, பெட்டிக்கு 600. மொத்தம் 3,500 ரூபாயையும் முன்கூட்டியே ஜிபேல கட்டினேன். அந்தப் படத்தை நம்பித்தான் கட்டினேன்.

போன வாரம் திங்கக்கிழமை ஒரு பையன் வந்தான். இருபத்திரெண்டு வயசு இருக்கும். எங்க நாய் யாரையும் அண்டவிடாது, கேஸ் போடுற அண்ணாச்சியே இன்னும் வாசல்ல நின்னுதான் குரல் கொடுப்பாரு. இவன் தார்சாவுல குத்தவச்சு உட்கார்ந்து கையை நீட்டினான், அது நக்குது. “பேரு என்னக்கா?”ன்னான். பூச்சின்னேன். ஈன்ற அஞ்சு குட்டியில ஆகச் சின்னது, கன்னி நாய் கலப்பு, இப்பவும் பதினோரு கிலோதான், அதான் அந்தப் பேரு. சிரிச்சுட்டு, “எங்க வீட்லயும் நாய் இருக்குக்கா. பூச்சிக்கு மருந்து வைப்பனா நான்?”னான்.

அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் கேள்வி கேக்காம விட்டவ இல்ல நான். 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல எலி மருந்து வச்ச வீட்ல ரெண்டு பிள்ளைக இறந்து போனதைப் பேப்பர்ல படிச்சதுல இருந்து எனக்குப் பயம். பொடி கிடி வைக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். “பொடியே இல்லக்கா, இது ஹெர்பல் கேக். கசப்பு சேர்த்திருக்கு, நாய் நாக்குல வச்சாலே துப்பிரும்”னான். பெட்டி எங்கப்பான்னு கேட்டேன். “ஸ்டாக் இல்லக்கா, அடுத்த விசிட்ல கொண்டாரேன். இப்போதைக்கு மறைவா வைக்கேன்”னான். 600 ரூபா வாங்கியாச்சு, பெட்டி இல்ல. அங்கயே போப்பான்னு அனுப்பியிருக்கணும். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. மரத்துக்கு அடியில, கிரைண்டருக்குப் பின்னாடி, துணி துவைக்கிற கல்லுக்கிட்டன்னு வச்சுட்டுப் போயிட்டான். எங்கெங்க வச்சான்னு எழுதிக் கொடுக்கல. ஆப்ல வந்த பில்லுல மட்டும் ‘பெய்ட்: 14’னு, அதாவது மருந்துத் துண்டு பதினாலுன்னு இருந்துச்சு. என்ன மருந்துன்னு அதுலயும் இல்ல.

புதன்கிழமை பூச்சி இருந்த மலத்துல நீல நிறம். நல்லாப் பார்த்தேன். பிள்ளைகளோட கலர் சாக்கைத் தின்னிருக்கும்னு நினைச்சு, மண்ணைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன். மருந்துல சாயம் சேர்ப்பாங்க, அது அப்படியே மலத்துல வரும்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது.

ஏன் ஓடலைன்னா, அன்னைக்கு நாய் நல்லாத்தான் இருந்துச்சு. குரைக்குது, திங்குது, ஓடுது. இந்த வகை மருந்தோட வஞ்சகமே அதுதான். ரத்தம் உறையுறதுக்கு உடம்புக்கு வைட்டமின் கே வேணும். அதை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துற வழியை இது அடைச்சிருது. ஏற்கெனவே ரத்தத்துல இருக்கிற உறைபொருள் தீருற வரைக்கும் வெளியில ஒண்ணும் தெரியாது. மூணு நாள், அஞ்சு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிக்கும்.

சனிக்கிழமை பால்காரர் வந்தாரு, பூச்சி எந்திரிக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூக்குல ரத்தம். தரையில சொட்டுச் சொட்டா, துடைக்கத் துடைக்க.

பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் ராத்திரி பார்த்தாரு. அவர் மகராசனா இருக்கணும். ஈறு கறுப்பா இருக்கிற நாயாச்சே, அதனால கீழ் இமையை இழுத்துக் காட்டினாரு. உள்ள சிவப்பே இல்ல, அவிச்ச முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி இருந்துச்சு. சின்னக் கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து மேஜையில வச்சாரு. இருபது நிமிஷம் கழிச்சு சாய்ச்சுப் பார்த்தா தண்ணியாட்டம் ஓடுது. ஊசி போட்ட இடத்துல இருந்தும் நிக்காமக் கசியுது. “என்ன மருந்து வச்சாங்க? பேரு என்ன?” இதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. மருந்துக்கு மருந்து வைத்தியம் வேறயாம். அறிகுறியை வச்சு இதுதான்னு அவர் யூகிச்சுட்டாரு, ஆனா பேரு உறுதியாத் தெரிஞ்சா எத்தனை நாள் வைத்தியம்னு சொல்லலாம்னாரு.

அங்க நின்னுக்கிட்டே ஆப்காரனுக்கு போன் போட்டேன். இதைத்தான் ஊருக்குச் சொல்லணும்னு இருக்கேன்.

ஞாயிறு ராத்திரி எடுத்த பொண்ணு: “மேம், உங்க கன்சர்ன் எனக்குப் புரியுது.” மருந்து பேரைச் சொல்லும்மா, உயிர் போகுதுன்னேன். “அது டெக்னீஷியனுக்குத்தான் தெரியும் மேம்.” அவன் நம்பரைக் கொடு. “ப்ரைவசி மேம், கொடுக்க முடியாது. 48 மணி நேரத்துல எங்க டீம் கூப்பிடுவாங்க.” அவன் எனக்குக் கூப்பிட்ட நம்பரும் ஆப் வழியா வந்த மாத்து நம்பர், வேலை முடிஞ்சதும் செத்துப் போச்சு.

திங்கக்கிழமை காலையில ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில பூச்சிக்கு ரத்தம் ஏத்துறாங்க. பக்கத்துத் தெரு ராஜபாளையம் நாயைக் கூட்டிட்டு வந்து அது ரத்தம் கொடுக்குது. அது பாட்டுக்கு அசையாம நின்னுச்சு. அந்த நேரம் பார்த்து போன்ல மெசேஜ்: ‘எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?’

செவ்வாய்க்கிழமை ஒரு சூப்பர்வைசர். “நாய் வெளியில எங்கயாவது தின்னிருக்கும் மேடம், எங்க மருந்துதான்னு ப்ரூஃப் இருக்கா?” சரி, உங்க மருந்து பேரைச் சொல்லுங்க, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்னேன். “அது கம்பெனி ஃபார்முலா மேடம்.” அப்ப பெட் சேஃப்னு போட்டிருக்கீங்களேன்னு கேட்டேன். அதுக்கு அந்த ஆள் சொன்னான்: “பெட் சேஃப்னா, பெட் இருக்கிற வீட்டுலயும் வேலை செய்வோம்னு அர்த்தம் மேடம்.” எங்க வீட்டுக்காரர் எதுக்கும் குரல் உசத்தாத மனுஷன், போனைப் பிடுங்கி ஏசின ஏச்சு இருக்கே, அதை இங்க எழுத முடியாது.

கம்பெனி ஃபார்முலா என்னன்னு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சு போச்சு. புறவாசல் குப்பைக்குழியில அவன் போட்டுட்டுப் போன காலி அட்டை கிடந்துச்சு. புரோமடியோலோன் 0.005 சதவீதம். டாக்டர் யூகிச்ச அதே, ரத்தத்தை உறையவிடாத வகை. உரக்கடையில யாரு கேட்டாலும் கொடுக்கிறது. மாத்து மருந்து வைட்டமின் கே1னு அட்டையிலயே அச்சடிச்சிருக்கு. ஹெர்பலாம்! கசப்பைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேட்டேன். அது மனுஷப் பிள்ளைக வாயில போட்டுறக் கூடாதுன்னு சேர்க்கிறதாம். நாய் என்ன மென்னு ருசி பார்த்தா திங்குது, ஒரே முழுங்கு.

நேத்து புதன்கிழமை கடைசிப் பதில் வந்துச்சு. டெக்னீஷியன் எங்க ஊழியர் இல்ல, பார்ட்னர். வைத்தியச் செலவுக்குப் பொறுப்பில்ல. பெட்டி கொடுக்காததால அந்த 600 ரூபாயை ஆப் வாலட்டுல போடுறோம், அடுத்த புக்கிங்குக்குக் கழிச்சுக்கலாம். அடுத்த புக்கிங்காம்!

மருந்துக்காரனுக்கு 3,500. ஊசி, டெஸ்ட், ரத்தம், மதுரையில இருந்து வரவழைச்ச கே1 மாத்திரை, கார் வாடகை எல்லாம் சேர்த்து 9,900. ஆக 13,400 ரூபாய். தையல் மெஷின்ல உட்கார்ந்து சம்பாதிச்ச துட்டு, ஜாக்கெட்டு ஜாக்கெட்டாச் சேர்த்தது. பதிமூவாயிரத்து நானூறு. இன்னும் முடியல, மாத்திரை நாலு வாரம் கொடுக்கணும். நிறுத்தி ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கணும். அதுவரைக்கும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. எங்கயாவது இடிச்சா உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிரும்னு கட்டியே போட்டிருக்கோம். வெறுவயித்துல கொடுத்தா சரியாச் சேராதாம், அதனால முட்டைப் பொரியல்ல பொதிஞ்சு கொடுக்கேன். மாத்திரையை மட்டும் துப்பிட்டு முட்டையைத் தின்னுருது களவாணி. அந்த அளவுக்காவது தேறியிருக்கேன்னு இருக்கு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், மாத்திரை நேரம் ஆச்சு. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கோங்க.

மருந்து பேரைக் கேளுங்க, பாக்கெட்டைப் போட்டோ எடுங்க. பேர் சொல்லாதவன் வாசல்படி ஏறக் கூடாது. இந்த வேலைக்கு 1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், அதையும் காட்டச் சொல்லுங்க. பூட்டுப் பெட்டி இல்லாம ஒரு துண்டு கூட வெளியில வைக்க விடாதீங்க. எத்தனை வச்சான், எங்க வச்சான்னு கூடவே நின்னு எழுதிக்கோங்க.

தின்னுருச்சுன்னு சந்தேகம் வந்தாலே கிளம்பிருங்க, நல்லா இருக்கேன்னு காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, அதுவே நாயைக் கொன்னுரும். மருந்துக்கடையில வைட்டமின் கேன்னு பொதுவாக் கேக்காதீங்க, கே1 தான் வேணும், கே3 இதுக்கு உதவாது. கறுப்புப் பொடியா இருந்து பூண்டு வாடை அடிச்சா அது வேற விஷம், துத்தநாக பாஸ்பைடு. வயித்துக்குள்ள போனா வாயு ஆகும், அதுக்கு மாத்து மருந்தே கிடையாது, நேரமும் கிடையாது. சாப்பாடு எதுவும் கொடுக்காம, கார் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஓடுங்க.

செத்த எலியை வெறுங்கையால தொடாம எடுத்து ஆழமாப் புதைங்க. விஷம் தின்ன எலியைத் தின்னா பூனைக்கும் ஏறும். எங்க பூனை மீனியை ஒரு வாரமாப் பட்டாசல்ல அடைச்சு வச்சிருக்கேன், விடிய விடியக் கத்துது.

1915க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சுட்டேன். 13,400 ரூபாயும் வர்ற வரைக்கும் விடப் போறதில்ல.

அவன் வச்ச பதினாலு துண்டுல ஒன்பது முழுசாக் கிடைச்சுது, ரெண்டு பாதி கடிச்சது. மூணு காணோம். பூச்சி தின்னுச்சா, எலி தின்னுச்சா, எங்கயாவது கிடக்கான்னு தெரியாம வீட்டையே புரட்டிக்கிட்டு இருந்தோம். இந்தா, அத்தை புறவாசல்ல இருந்து கூப்பிடுதாவ, விறகுக்கு அடியில ஒண்ணு அகப்பட்டிருக்காம்.

இன்னும் ரெண்டு.